மூடி இடுக்கில் மூன்று கிராம்

திராட்சைப் பெட்டியைத் திறந்ததும் முதலில் தொண்டை கரிக்கும். கப்பலில் வாரக்கணக்கில் வரும் திராட்சையில் பூசணம் பிடிக்காமல் இருக்க, கொத்துகளின் மேல் ஒரு தாளைப் போட்டு அனுப்புவார்கள். ஈரம் பட்டால் அது கந்தக டை ஆக்சைடை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை முகர்ந்துவிட்டு, "இதுதான் பூச்சிமருந்து வாசனையா?" என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். இல்லை. நாங்கள் தேடுகிற அளவு எந்த மூக்குக்கும் எட்டாது.

இறக்குமதிப் பழங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கிற ஒரு லேபில் பல வருடம் இருந்தேன். எத்தனை சாம்பிள் பார்த்தேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் ஒரு திராட்சை ரிப்போர்ட் மட்டும் மனப்பாடம். அதில் விஷயம் ஒரே வரிதான்: இமசாலில் என்ற பூஞ்சைக்கொல்லி, கிலோவுக்கு 0.024 மில்லிகிராம். வரம்பு 0.01. சரக்கு தேறவில்லை. கீழே என் கையெழுத்து.

அந்த எண் தவறு. மெஷின் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழையில்லை, அந்தக் குழாய்க்குள் இமசாலில் உண்மையாகவே இருந்தது. இருந்தும் தவறு. எங்கே தப்பினேன் என்று சொல்ல வேண்டுமானால், ஒரு பழம் எண்ணாக மாறும் வழியை முதலிலிருந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில், எதை எடுப்பது? ஒரு கண்டெய்னரில் 20 டன் திராட்சை வருகிறது என்று வையுங்கள். ஒரு பழம் 5 கிராம் என்றால் 40 லட்சம் பழங்கள். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1963இல் சேர்ந்து தொடங்கிய கோடெக்ஸ் ஆணையம், எச்சப் பரிசோதனைக்குச் சாம்பிள் எடுப்பது எப்படி என்று 1999இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கென்றால் குறைந்தது பத்து இடங்களில் எடுக்க வேண்டும். திராட்சை மாதிரிப் பெரிய கொத்தாக வருவதென்றால் லேபுக்கு வந்து சேர வேண்டியது குறைந்தது 5 கொத்து, 2 கிலோ. அதாவது 40 லட்சத்தில் சுமார் 400.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அந்தப் பழமொழி சரியாக இருப்பதற்குக் காரணம் அது ஒரே பானை, ஒரே உலை, ஒரே அடுப்பு என்பது. கண்டெய்னர் அப்படியா? பேக்கிங் கூடத்துக்குப் பல தோட்டங்களிலிருந்து பழம் வருகிறது. ஒருவர் போன வாரம் மருந்து அடித்திருப்பார், இன்னொருவர் போன மாதம். ஒரே தோட்டத்திலும் ஓரத்து வரிசைக்கு இரண்டு தடவை படும், இலைக்குள் ஒளிந்த கொத்துக்குப் படவே படாது. அதனால் அனுபவமுள்ள ஆள் வாசலில் கைக்கு எட்டும் பத்துப் பெட்டியை எடுக்க மாட்டார். பெட்டி ஓரத்தில் அச்சடித்திருக்கும் தோட்டக் குறியீட்டைப் பார்த்துப் பார்த்து எடுப்பார். உள்ளே போவதற்குப் பாதி சரக்கை இறக்க வேண்டும், இறக்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள், குளிர் போகிறது என்று டிரைவர் கத்துவார். அந்த நெருக்கடியில் எடுக்கப்படுவதுதான் சாம்பிள். பின்னால் லேபில் நடக்கும் எந்த நுணுக்கமும் இந்த அரைமணி நேரத்தைச் சரிசெய்துவிடாது.

பழத்துக்குப் பழம் எவ்வளவு மாறும்? 1990களில் பிரிட்டனில் கேரட்டுகளை மொத்தமாக அரைக்காமல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். சில கேரட்டில் சராசரியைப் போலப் பல மடங்கு எச்சம். அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது சராசரியை. சாப்பிடுகிறவர் சராசரியைச் சாப்பிடுவதில்லை, ஒரு கேரட்டைச் சாப்பிடுகிறார். அதனால்தான் ஒரே வேளையில் உடலுக்குப் போகிற அளவைக் கணக்கிடும்போது சராசரியோடு ஒரு பெருக்கல் எண்ணைச் சேர்க்கிறார்கள். சர்வதேச நிபுணர் குழு இப்போது வைத்திருக்கும் பொது எண் 3.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. 1989 மார்ச்சில், சிலி நாட்டுத் திராட்சையில் விஷம் வைத்திருப்பதாகச் சாந்தியாகோவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போன் வந்தது. பிலடெல்பியா துறைமுகத்தில் தேடியபோது இரண்டே இரண்டு திராட்சையில் சயனைடு தென்பட்டதாக அறிவித்தார்கள். அமெரிக்கா சில நாட்களுக்குச் சிலிப் பழம் மொத்தத்தையும் நிறுத்திவைத்தது. இது பூச்சிமருந்து விவகாரம் இல்லை, தெரியும். ஆனால் லட்சக்கணக்கான பெட்டிகளில் இரண்டு பழம் என்ற கணக்கை நினைக்கும்போதெல்லாம், என் மேஜை மேல் இருக்கும் ஐந்து கொத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பேன்.

எங்கள் லேபில் சாம்பிள் இரண்டு பையாக வரும். ஒன்று சோதனைக்கு. மற்றொன்று சீல் வைத்தபடியே ஃப்ரீசருக்குப் போகும், பின்னால் தகராறு வந்தால் எடுப்பதற்கு. அதை யாரும் தொட மாட்டார்கள். பல மாதம் கிடந்து, ஐஸ் படிந்து, கடைசியில் குப்பைக்குப் போகும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அதுதான்.

அடுத்தது அரைப்பது. இதில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுகிற ஒன்று உண்டு: வாழைப்பழத்தை நாங்கள் தோலோடு அரைக்கிறோம். ஆரஞ்சையும் அப்படித்தான். அன்னாசியில் தலைக் கொண்டையை மட்டும் எடுப்போம். மாம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு அரைத்தாலும், கணக்குப் போடும்போது கொட்டையின் எடையையும் சேர்த்துக்கொள்வோம். "தோலை யார் சாப்பிடுவாங்க?" என்று கேட்பார்கள். யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் எச்ச வரம்பு என்பது சந்தைக்கு வரும் முழுப் பழத்துக்கு விதிக்கப்படுவது. விவசாயி சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் அடித்து, சொன்ன நாள் காத்திருந்து பறித்தாரா என்பதைப் பார்ப்பதற்கான அளவுகோல் அது. சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பழத்தைப் பற்றிய செய்திகளில் பாதி தலைகீழாக வருகின்றன.

அரைக்கும்போது உலர் பனிக்கட்டியைச் சேர்ப்போம். மேஜையெல்லாம் வெள்ளைப் புகை ஓடும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அழகுக்காக இல்லை. கேப்டான், குளோரோதலோனில் மாதிரியான பூஞ்சைக்கொல்லிகள் நறுக்கிய பழத்தின் சாறு பட்டதுமே சிதையத் தொடங்கிவிடும். சாதாரணமாக அரைத்தால், இருந்த மருந்து இல்லாததுபோல் காட்டும். உறையவைத்து அரைத்தால் பழம் மாவாகிவிடும். அந்த 2 கிலோ மாவிலிருந்து சோதனைக்கு எடுப்பது 10 கிராம். ஆக மறுபடியும் ஒரு பானை, ஒரு சோறு. ஆனால் இந்தத் தடவை பானையை நாமே அரைத்துக் கலந்திருக்கிறோம், அதனால் நம்பலாம்.

அரைக்கிற இயந்திரம் பெரிய சமையல்கூடங்களில் இருக்கிற வெட்டுக் கருவி மாதிரி ஒன்று. நாங்கள் அதை மிக்ஸி என்றுதான் சொல்வோம். எஃகுப் பாத்திரம், இரண்டு கத்தி, மேலே தடித்த பிளாஸ்டிக் மூடி. மூடியின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம்.

அதன்பிறகு வருவது கெச்சர்ஸ், பழ மாவிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கிற முறை. விரைவு, எளிது, மலிவு, பலன், உறுதி, பாதுகாப்பு என்ற பொருளுள்ள ஆறு ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் மிக்கேலாஞ்சலோ அனஸ்டாசியாடிஸும் ஸ்டீவன் லெஹோடேயும் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கி 2003இல் வெளியிட்ட முறை. அதற்கு முன்னால் பெரிய பெரிய பிரிபுனல்கள், லிட்டர் கணக்கில் கரைப்பான், நாள் முழுக்கக் குலுக்கல் என்று இருந்த வேலையை ஒரு 50 மில்லி பிளாஸ்டிக் குழாய்க்குள் அடக்கிவிட்டார்கள்.

பழ மாவு 10 கிராம், அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் 10 மில்லி. ஒரு நிமிடம் குலுக்கு. அப்புறம் மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், சாதா உப்பு 1 கிராம், உடனே மறுபடி குலுக்கு. இந்த "உடனே" முக்கியம். மெக்னீசியம் சல்பேட் தண்ணீரை உறிஞ்சும்போது குழாய் கையில் கொதிக்கும். கொஞ்சம் தாமதித்தால் அடியில் கல்லாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஆட்டினாலும் உடையாது. பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் மூன்று அடுக்கு: அடியில் உப்பும் தண்ணீரும், நடுவில் நைந்துபோன பழச்சதைத் தட்டு, மேலே பழ நிறத்தில் தெளிவான திரவம். தேடுகிற எல்லாம் அந்த மேல் அடுக்கில். எலுமிச்சை என்றால் புளிப்பைத் தணிக்கக் கொஞ்சம் காரம் சேர்க்க வேண்டும். அவகாடோ என்றால் கொழுப்போடு மல்லுக்கட்ட வேண்டும். அது ஒரு தனிச் சள்ளை, விடுங்கள்.

அந்தத் திரவத்தின் சில துளி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும். மெஷின் செய்வது கொல்லன் வேலை. மூலக்கூறை எடை பார்த்துப் பிடிக்கும், பிடித்ததை உடைக்கும், உடைந்த துண்டுகளையும் எடை பார்க்கும். இமசாலில் என்றால் 297 எடையில் ஒன்று பிடிபட வேண்டும், அதை உடைத்தால் 159 எடையில் ஒரு துண்டு வர வேண்டும். கூட இன்னொரு துண்டும் வர வேண்டும், இரண்டுக்கும் உள்ள விகிதம் சுத்த மருந்தில் இருப்பதோடு 30 சதவீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அது வந்து சேரும் நேரமும் 0.1 நிமிடத்துக்குள் பொருந்த வேண்டும். இத்தனையும் பொருந்தினால்தான் பெயரைச் சொல்லலாம். ஒரே ஓட்டத்தில் இப்படிச் சில நூறு மருந்துகளைத் தேட முடியும்.

ஆனால் பழம் மெஷினை ஏமாற்றும். மருந்தோடு சேர்ந்து உள்ளே போகும் சர்க்கரை, அமிலம், நிறமி எல்லாம் போட்டிபோட்டு மருந்தின் குரலை அமுக்கிவிடும். அதனால் ஒப்பிடுவதற்கான சுத்த மருந்தை வெறும் கரைப்பானில் கரைத்தால் போதாது, அதே வகைப் பழச் சாற்றில், அதுவும் எந்த மருந்தும் இல்லாத பழச் சாற்றில் கரைக்க வேண்டும். எங்கள் தொழிலில் மிகவும் அரிய பொருள் என்னவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்: எதுவுமே இல்லாத பழம். இயற்கை விளைச்சல் என்று வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தால் மருந்து இருப்பதைக் காட்டும் கூம்பு, நாங்கள் பீக் என்போம், எங்கிருந்தோ குட்டியாக ஒன்று திரையில் தலைகாட்டும். ஒரு தடவை சுத்தமான பேரிக்காய் கிடைத்ததும் மொத்தத்தையும் அரைத்து, பொட்டலம் போட்டு, "பிளாங்க், தொடாதே" என்று எழுதி ஃப்ரீசரில் வைத்தோம். தங்கம் மாதிரி கிள்ளிக் கிள்ளிச் செலவழித்தோம்.

சரி, இப்போது அந்தத் திராட்சைக்கு வருவோம்.

அன்றைக்கு வேலை குவிந்திருந்தது. ரன் முடிந்து பார்த்தால் திராட்சையில் இமசாலில். இரண்டு துண்டும் இருந்தன, விகிதம் சரி, நேரம் சரி. அளவு 0.024. வரம்பு 0.01. இப்படி நெருக்கமாக வரும் எண்ணை உடனே தேறவில்லை என்று சொல்லக் கூடாது. ஐரோப்பிய வழிகாட்டி, அளவீட்டில் கூடக் குறைய 50 சதவீதம் தடுமாற்றம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 0.019 வந்திருந்தால் பாதியைக் கழித்து 0.0095, சந்தேகத்தின் பலன் சரக்குக்கு. 0.024இல் பாதியைக் கழித்தாலும் 0.012, வரம்புக்கு மேலேதான். மருந்து கலந்து ஓட்டிய சாம்பிளில் திரும்பக் கிடைத்த அளவு 70க்கும் 120 சதவீதத்துக்கும் நடுவில், அதுவும் சரி. மருந்தே இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் பிளாங்க்கும் சுத்தம். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள், எங்கள் லேபின் மூத்த ஆய்வாளர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, திராட்சைக்கு எவனாவது மெழுகு போடுவானா?"

"போட மாட்டாங்களேக்கா."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

இமசாலில் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளின் மருந்து. பறித்த பிறகு, பச்சைப் பூசணம் வராமல் இருக்க மெழுகோடு சேர்த்துத் தோலில் பூசுவார்கள். திராட்சைக்கு அதைக் கொண்டுபோய்ப் போட ஒருவருக்கும் காரணமில்லை. மெஷினுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணைப் பார்த்தேனே தவிரப் பழத்தைப் பார்க்கவில்லை.

அக்கா அரைத்த பதிவேட்டைத் திறந்தார். திராட்சைக்கு முந்தைய வரி: ஆரஞ்சு. அதில் இமசாலில் கிலோவுக்கு 4 மில்லிகிராம், அதன் வரம்புக்குள்தான், அந்தச் சரக்கு நல்லபடியாகப் போய்விட்டது. ஒரு தாளில் கணக்குப் போட்டார். மருந்து கிட்டத்தட்ட முழுவதும் தோலில்தான். தோல் பழத்தில் கால் பங்கு என்று வைத்தால் ஒரு கிராம் தோலில் சுமார் 16 மைக்ரோகிராம். 2 கிலோ திராட்சையை 0.024க்குக் கொண்டுவர வேண்டியது 48 மைக்ரோகிராம். மூன்று கிராம் தோல் விழுது போதும். ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

மிக்ஸி மூடியை எடுத்து வந்து, ரப்பர் வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினோம். பாத்திரத்தையும் கத்தியையும் சோப்புப் போட்டு, அசிட்டோன் ஊற்றி அலசுவோம், மூடியையும் அலசுவோம். வளையத்தைக் கழற்ற வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. உள்ளே பள்ளத்தில், விரல் நகம் நுழையாத இடத்தில், வெளிர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிசின் இழை. மெழுகும் தோலும் சேர்ந்து இறுகியது. முகர்ந்தால் ஆரஞ்சு. அதைத் துடைத்த பஞ்சைக் கரைப்பானில் போட்டு ஓட்டினோம். 297, 159. பீக் திரையின் உச்சியைத் தொட்டது.

பிளாங்க் ஏன் சுத்தமாக இருந்தது? நாங்கள் தினமும் ஓட்டிய பிளாங்க், குழாயில் கரைப்பான் ஊற்றுவதிலிருந்து தொடங்கும். கரைப்பானில், உப்பில், மெஷினில் அழுக்கிருந்தால் காட்டிக்கொடுக்கும். மிக்ஸிக்குள் அது போனதே இல்லை. போகாத இடத்தைப் பற்றி அது எப்படிச் சொல்லும்?

சீல் வைத்த இரண்டாவது பையை எடுத்தோம். வேறு பாத்திரத்தில், புது மூடியில், தனியாக அரைத்தோம். இமசாலில் இல்லை.

அந்த நான்கு நாளும் கண்டெய்னர் நின்றுகொண்டிருந்தது. குளிரில்தான் நின்றது, ஆனாலும் திராட்சைக்கு நாள் என்றால் நாள்தான். முதலில் காம்பு பழுப்பாகும், பிறகு பழம் உதிரும்.

இங்கே நிறுத்தி, அந்த 0.01 என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றால் 100 டன்னில் 1 கிராம். ஒரு 20 டன் கண்டெய்னர் முழுவதற்கும் 0.2 கிராம். நேரமாகச் சொன்னால் மூன்று வருடத்தில் ஒரு நொடி. இந்த எண் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக நஞ்சியல் கணக்குப் போட்டு வந்ததில்லை. ஒரு மருந்துக்கும் பயிருக்கும் தனி வரம்பு குறிக்கப்படாத இடத்தில், "இருக்கவே கூடாது" என்பதை மெஷின் பார்க்கக்கூடிய எண்ணாக எழுதியதுதான் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி வைத்தது. ஜப்பான் 2006இல் அதே 0.01ஐப் பொது வரம்பாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தனி வரம்பு இல்லாவிட்டால் அந்த எச்சத்துக்கே இடமில்லை.

இதனால் வருகிற வினோதம் ஒன்றைச் சொல்கிறேன். 2011 கடைசியில் ஓர் அமெரிக்கப் பழச்சாறு நிறுவனம், பிரேசில் ஆரஞ்சுச் சாற்றில் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இருப்பதை அரசுக்குத் தெரிவித்தது. பிரேசிலில் அன்றைக்கு அதை ஆரஞ்சுக்கு அடிக்கச் சட்டம் அனுமதித்தது. அமெரிக்காவில் ஆரஞ்சுக்கு வரம்பு கிடையாது. 2012 ஜனவரியில், நூறு கோடியில் 10 பங்கும் அதற்கு மேலும் இருந்தால் இறக்குமதிச் சாற்றைத் திருப்பி அனுப்புவோம் என்று அறிவித்தார்கள். அதே நேரத்தில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, 80 பங்கு வரை இருந்தால்கூட உடல்நலக் கவலை இல்லை என்றது. அதனால் ஏற்கனவே கடைகளில் இருந்த சாற்றைத் திரும்பப் பெறவில்லை. துறைமுகத்தில் நின்ற சாறு குற்றவாளி, அலமாரியில் இருந்த சாறு நிரபராதி. மேலோட்டமாகப் பார்த்தால் கேலிக்கூத்து. ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில். ஒன்று, இதை அடிக்க அனுமதி உண்டா? மற்றொன்று, இதைக் குடித்தால் கெடுதலா? "வரம்பு மீறிய பழம்" என்ற செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது எது மீறியது என்று; கூடவே, அதற்கு வரம்பு இருந்ததா, இல்லாததால் மீறலானதா என்று.

வரம்பு மீறுவது எப்போதும் காகித விவகாரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1985இல் கலிபோர்னியாவில், தர்பூசணிக்கு அனுமதியே இல்லாத ஆல்டிகார்ப் என்ற மருந்து பழத்தில் ஏறியிருந்தது. ஜூலை 4 விடுமுறை சமயம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உடம்பு சரியில்லாமல் போனதாகப் புகார் பதிவானது. வயல் வயலாகப் பழத்தை அழித்தார்கள். ஆல்டிகார்ப் வேர் வழியாக உள்ளே ஏறும் மருந்து, தோலைக் கழுவி ஒரு பயனும் இல்லை.

"கழுவினால் போய்விடுமா?" என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. மேலே ஒட்டியது போகும், உள்ளே இறங்கியது போகாது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பில் இருந்தது வெறும் நீரைவிட நன்றாகப் போனது. ஆனால் பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லி தோலுக்குள் 20 மைக்ரோமீட்டரும், தையபென்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 80 மைக்ரோமீட்டரும் இறங்கியிருந்தன. 80 என்றால் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்தத் தலைமுடிக் கனத்தை எந்தத் தண்ணீரும் எட்டவில்லை. நான் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்கள் அதிகம் விரும்பும் சொல் ஒன்று ரிப்போர்ட்டில் உண்டு: "கண்டறியப்படவில்லை". அதைச் சட்டமிட்டு மாட்டிவைப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தால் இப்போதும் கொஞ்சம் கூச்சம். பின்னிணைப்பில் சில நூறு பெயர் கொண்ட பட்டியல் இருக்கும், அந்தப் பெயர்களைத்தான் தேடினோம். பட்டியலில் இல்லாதது பழத்தில் வழிய வழிய இருந்தாலும் மெஷின் வாயைத் திறக்காது. பழுக்கவைக்கும் எத்திபான் தண்ணீரோடு தண்ணீராக நிற்கும், கெச்சர்ஸின் மேல் அடுக்குக்கு வராது. அதைப் பிடிக்க மெத்தனால் வைத்துத் தனியாக ஒரு முறை வேண்டும். மான்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் எதிலும் ஒழுங்காகக் கரையா, அதனால் பழத்தை அமிலத்தில் வேகவைத்து அதிலிருந்து வரும் கார்பன் டை சல்பைடை அளப்போம். அதிலும் சிக்கல்: பப்பாளி தன் இயல்பிலேயே அந்த வாயுவைத் தரும். மருந்தே அடிக்காத மரத்துப் பப்பாளியும் அடித்ததுபோல் காட்டும். கேட்டால் கூடுதல் கட்டணம் என்பதால் பலர் இந்தத் தனிச் சோதனைகளைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நாங்கள் பார்ப்பதில்லை. ரிப்போர்ட் மட்டும் அதே கம்பீரத்தோடு "கண்டறியப்படவில்லை" என்று நிற்கும்.

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன்தான் அந்தக் கையெழுத்தைப் போட்டவன்.

திருத்திய ரிப்போர்ட் போன அன்று மாலை, இறக்குமதியாளருக்கு நானே போன் செய்தேன். அக்கா பக்கத்தில் நின்றார். எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்: முதல் முடிவு தவறு, பழத்தில் இமசாலில் இல்லை, எங்கள் கருவியிலிருந்து கலந்தது, பொறுப்பு எங்களுடையது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, அந்த மூடி எத்தனை நாளா அப்படி இருந்துச்சு?"

தெரியவில்லை என்றேன்.

"அப்ப முன்னாடி குடுத்த ரிப்போர்ட்டெல்லாம்?"

போனை வைத்துவிட்டுப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்தோம். ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி என்று வருகிற ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரியில் சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டும். அக்கா வாசித்தார், நான் கோடு போட்டேன். ஆப்பிள். கிவி. மறுபடி ஆப்பிள். சிலவற்றுக்கு இரண்டாவது பை இன்னும் ஃப்ரீசரில் இருந்தது. சிலவற்றை ஏற்கனவே குப்பைக்கு அனுப்பியிருந்தோம். இரவு பத்து மணிக்குப் பாதிப் பக்கங்கள்கூட முடியவில்லை. அக்கா எழுந்து போய் ரப்பர் வளையத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, சீல் வைத்து, ஃப்ரீசரில் மற்ற சாம்பிள்களோடு வைத்துவிட்டு வந்து அடுத்த வரியை வாசித்தார்.